அலுவலகக் கணினிகளில் நெட்வொர்க் பிரிண்டர் தானாக அமைய: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஐம்பது, நூறு கணினிகளைப் பார்த்துக்கொள்ளும் சிஸ்டம் நிர்வாகிகள் என்னிடம் கேட்டவை பாதி, நானே தலையைச் சொறிந்துகொண்டு கேட்டுக்கொண்டவை பாதி. விண்டோஸ் கணினிகளே பெரும்பான்மை என்று வைத்துக்கொண்டு எழுதியிருக்கிறேன். மேக், லினக்ஸ் ஓரிடத்தில் வருகின்றன. இரண்டு பிரிண்டர்களில் எதில் அச்செடுப்பது என்று பயனர் யோசிக்கட்டும். அது எந்த முகவரியில் இருக்கிறது, எந்த டிரைவர் (பிரிண்டரோடு பேசக் கணினிக்கு உதவும் மென்பொருள்) போட வேண்டும் என்று அவர் யோசிக்க நேர்ந்தால் நம் வேலை முடியவில்லை என்று பொருள்.

ஒவ்வொரு கணினியாகப் போய்க் கையால் சேர்த்தால் என்ன குறைந்துவிடும்?

முதல் தடவை ஒன்றும் குறையாது. 60 கணினிகள், ஒன்றுக்குப் பத்து நிமிடம் என்றால் 10 மணி நேரம். ஒரு விடுமுறை நாளில் உட்கார்ந்து முடித்துவிடலாம். வம்பு இரண்டாம் தடவை வருகிறது. பிரிண்டர் பழுதாகி வேறு மாடல் வந்தால் மறுபடியும் 60 கணினிகள். ஒருவர் மாடி மாறினால் ஒன்று, புதிதாக ஒருவர் சேர்ந்தால் ஒன்று. கையால் செய்த 60 கணினிகள் ஒரே மாதிரி இருப்பதும் இல்லை: ஒன்றில் டிரைவர் பழையது, ஒன்றில் பெயர் வேறு, இன்னொன்றில் அதே பிரிண்டர் "காப்பி 1" என்று இரட்டையாக நிற்கும். தொலைபேசியில் "எந்தப் பிரிண்டரைத் தேர்ந்தெடுத்தீர்கள்?" என்று கேட்டால், அவர் படித்துக்காட்டும் பெயர் உங்கள் பட்டியலிலேயே இருக்காது.

எதிலிருந்து தொடங்குவது? ஸ்கிரிப்டா, குரூப் பாலிசியா (ஓரிடத்திலிருந்தே எல்லா விண்டோஸ் கணினிகளுக்கும் அமைப்புகளை அனுப்பும் வசதி)?

இரண்டும் இல்லை. பிரிண்டரின் ஐபி முகவரியிலிருந்து தொடங்குங்கள். அது நிலையாக இல்லாவிட்டால் மேலே எதைக் கட்டினாலும் சரியும்.

நான் முன்பு வேலை பார்த்த ஓர் அலுவலகத்தில் பிரிண்டர்கள் எல்லாம் டிஹெச்சிபி (முகவரிகளைத் தானாகப் பங்கிடும் சேவை) அன்றன்று கொடுக்கும் முகவரியை வாங்கிக்கொண்டு ஓடின. ஒருநாள் மின்சாரம் போய் வந்தது. முகவரி வழங்கிக்கொண்டிருந்த ரூட்டர் தன் பழைய பட்டியலை மறந்துவிட்டு, முதலில் விழித்தவர்களுக்கு முதலில் என்று புதிதாகப் பங்கிட்டது. கணக்குப் பிரிவின் முகவரி வரவேற்பறைப் பிரிண்டருக்குப் போய்விட்டது. கணினிக்கு ஆளைத் தெரியாது, முகவரிதான் தெரியும். அந்த முகவரியில் 9100ஆம் போர்ட்டை, அதாவது அச்சு வேலையை வாங்கும் எண்ணிட்ட வாசலை, திறந்தவருக்குக் கொடுத்துவிட்டு வந்துவிடும். அன்றைய சம்பளப் பட்டியல் வரவேற்பறை மேசையில் வந்து விழுந்தது.

முகவரியை நிலைப்படுத்த இரண்டு வழிகள் உண்டு. பிரிண்டரின் பலகையிலேயே முகவரியை அழுத்தி வைப்பது ஒன்று; டிஹெச்சிபி சர்வரில் அந்தப் பிரிண்டரின் மேக் முகவரிக்கு (கருவியோடு பிறந்த வன்பொருள் எண்; ஆப்பிளின் மேக் இல்லை) இந்த ஐபி என்று ஒதுக்கி வைப்பது மற்றொன்று. எனக்குப் பிடித்தது இரண்டாவது. பழுது பார்க்க வந்தவர் தொழிற்சாலை அமைப்புக்குத் திருப்பிவிட்டுப் போனாலும், செருகியவுடன் அதே முகவரி வந்துவிடும். எல்லா முகவரிகளும் ஒரே திரையில் தெரியும். அதற்கு மேல் டிஎன்எஸ்ஸில் (பெயருக்கு உரிய முகவரியைச் சொல்லும் சேவை) ஒரு பெயரும் கொடுத்துவிட்டு, கணினியில் பிரிண்டரின் முகவரியைக் குறிக்கும் இடமான போர்ட்டில் எண்ணுக்குப் பதில் அந்தப் பெயரை எழுதுங்கள். நாளைக்கு முகவரித் திட்டமே மாறினாலும் ஓரிடத்தில் திருத்தினால் போதும்.

பெயர் எப்படி வைப்பது?

மாடல் எண்ணைப் பெயரில் வைக்காதீர்கள். பிரிண்டர் மூன்று, நான்கு ஆண்டுகளில் மாறும், இடம் மாறாது. "மாடி2-மேற்கு-கருப்பு", "மாடி2-மேற்கு-வண்ணம்" என்று இடத்தையும் குணத்தையும் சேர்த்து வையுங்கள். இடைவெளி விடாதீர்கள், ஸ்கிரிப்ட் எழுதும்போது மேற்கோள் குறியைத் தேடி அலைய வேண்டியிருக்காது. அதே பெயரை ஒரு சீட்டில் அச்சிட்டுப் பிரிண்டரின் நெற்றியில் ஒட்டுங்கள். இந்தப் பக்கத்தில் சொல்லியிருக்கும் எல்லாவற்றிலும் மிகக் குறைந்த உழைப்பில் மிக அதிகப் பலன் தருவது அந்தச் சீட்டுதான்.

பிரிண்ட் சர்வர் (எல்லாருடைய அச்சு வேலையையும் வாங்கிப் பிரிண்டருக்கு அனுப்பும் நடுக் கணினி) வேண்டுமா? ஒவ்வொரு கணினியும் நேராகப் பிரிண்டரோடு பேசக்கூடாதா?

பேசலாம். பத்துப் பதினைந்து கணினிகள் என்றால் நான் சர்வர் வைக்க மாட்டேன். நேரடி முறையில் ஒவ்வொரு கணினியிலும் தனி அச்சு வரிசை, தனி டிரைவர். சர்வர் விழுந்தால் அலுவலகமே நிற்கும் என்ற பயம் இல்லை. ஆனால் டிரைவரை மாற்ற வேண்டுமென்றால் எல்லாக் கணினிகளுக்கும் ஆணை போக வேண்டும்.

சர்வர் இருந்தால் வரிசை ஒன்றுதான். டிரைவர், தாளின் அளவு, யாருக்கு அனுமதி என்பதெல்லாம் அங்கேயே. பயனரின் கணினி அந்தப் பகிர்வோடு ஓர் இணைப்பை மட்டும் வைத்துக்கொள்கிறது. யார் எதை எப்போது அச்செடுத்தார் என்ற பதிவும் கிடைக்கும். விண்டோஸ் நிகழ்வுப் பதிவில் பிரிண்ட் சர்வீஸ் என்ற பகுதியின் செயல்பாட்டுப் பதிவை இயக்கிவிட்டால், அச்சான ஒவ்வொரு ஆவணத்துக்கும் 307 என்ற எண்ணோடு ஒரு வரி விழும். இந்தப் பதிவு இயல்பாக அணைந்தே இருக்கும் என்பதால், தேவைப்பட்ட நாளில் திறந்து பார்த்து ஏமாந்தவர்கள் பலர்.

குரூப் பாலிசியில் இதற்கு இரண்டு இடங்கள் இருக்கின்றன. எது சரி?

பிரிண்ட் மேனேஜ்மென்ட் சாளரத்தில் பிரிண்டரை வலது கிளிக் செய்து "குரூப் பாலிசி வழியாக அனுப்பு" என்று கொடுப்பது பழைய வழி. பயனருக்கா, கணினிக்கா என்று கேட்கும், அவ்வளவுதான். எளிது, ஆனால் நிபந்தனை வைக்க முடியாது.

இரண்டாவது வழி, விண்டோஸ் சர்வர் 2008 காலத்தில் வந்த குரூப் பாலிசி பிரிஃபரன்சஸ். அதில் ஒவ்வொரு பிரிண்டருக்கும் "இந்தக் குழுவில் இருப்பவருக்கு", "இந்த ஐபி வரம்பில் இருக்கும் கணினிக்கு", "இந்தக் கிளை அலுவலகத்துக்கு" என்று இலக்கு குறிக்கலாம். மூன்று நிபந்தனைகளை "மற்றும்", "அல்லது" போட்டுக் கோக்கலாம். மாடிக்கு ஒரு பிரிண்டர் உள்ள அலுவலகத்துக்கு இதை விட்டால் வேறு வழி எனக்குத் தெரியவில்லை. ஒரு நெளிவு மட்டும் நினைவில் இருக்கட்டும்: சர்வரில் பகிர்ந்த பிரிண்டரைப் பயனர் பிரிவில்தான் சேர்க்க முடியும். கணினிப் பிரிவில் தேடினால் டிசிபி/ஐபி பிரிண்டரும் உள்ளூர் பிரிண்டரும் மட்டுமே இருக்கும். பகிர்வைக் காணோம் என்று அரை நாள் தேடியவர்களில் நானும் ஒருவன்.

குழுவில் சேர்த்துவிட்டேன். பிரிண்டர் வரவில்லையே?

அவர் லாக் ஆஃப் செய்துவிட்டுத் திரும்ப உள்ளே வந்தாரா? எந்தெந்தக் குழுவில் இருக்கிறார் என்ற சீட்டு லாகின் நேரத்தில்தான் எழுதப்படுகிறது. கணினியைக் குழுவில் சேர்த்திருந்தால் அந்தக் கணினியையே மறுபடி தொடங்க வேண்டும்.

லாகின் செய்ய நான்கு நிமிடம் ஆகிறது என்கிறார்கள். பிரிண்டர்தான் காரணமா?

பெரும்பாலும் அதுதான், குறிப்பாக "ரிப்ளேஸ்" என்று போட்டிருந்தால். பிரிஃபரன்சஸில் நான்கு செயல்கள் உண்டு: கிரியேட், ரிப்ளேஸ், அப்டேட், டெலிட். பெயரைப் பார்த்து "ரிப்ளேஸ்தான் உறுதியானது" என்று தோன்றும். அது செய்வது என்னவென்றால், இருக்கும் பிரிண்டரை நீக்கிவிட்டு மீண்டும் முதலிலிருந்து சேர்ப்பது. ஆறு பிரிண்டர்கள் என்றால் ஒவ்வொரு லாகினிலும் ஆறு நீக்கம், ஆறு சேர்ப்பு. அதோடு நிற்காது. குரூப் பாலிசி பின்னணியில் ஏறக்குறைய 90 நிமிடத்துக்கு ஒருமுறை தன்னைப் புதுப்பித்துக்கொள்ளும். அப்போதும் பிரிண்டர்கள் ஒரு நொடி மறைந்து மீண்டும் தோன்றும். அந்த நொடியில் அச்சு சாளரத்தைத் திறந்து வைத்திருப்பவர், பிரிண்டர் காணாமல் போய்விட்டது என்று உங்களை அழைப்பார். நீங்கள் போய்ப் பார்க்கும்போது அது சமத்தாக அங்கேயே இருக்கும்.

"அப்டேட்" போடுங்கள். இல்லாவிட்டால் சேர்க்கும், இருந்தால் தொடாமல் மாறியதை மட்டும் திருத்தும். அணைந்துபோன பழைய பிரிண்ட் சர்வரின் இணைப்பு ஏதாவது மிச்சமிருக்கிறதா என்றும் பாருங்கள். இல்லாத சர்வரைக் கணினி காத்திருந்து காத்திருந்து தேடும்.

மடிக்கணினியோடு மாடி மாடியாக அலைபவர்களுக்கு?

இங்கே ஆளைப் பார்த்துப் பிரிண்டர் கொடுப்பதை விட்டு, இடத்தைப் பார்த்துக் கொடுக்க வேண்டும். ஒவ்வொரு மாடிக்கும் தனி ஐபி வரம்பு இருந்தால் இது எளிது: 192.168.20 என்று தொடங்கினால் இரண்டாம் மாடிப் பிரிண்டர், 192.168.30 என்றால் மூன்றாம் மாடி. இலக்கு குறிப்பதில் ஐபி வரம்பைத் தேர்ந்தெடுத்தால் போதும்.

சிக்கல் வைஃபை. பல அலுவலகங்களில் வைஃபை கட்டடம் முழுக்க ஒரே வரம்பாக இருக்கும். மாடியைக் கண்டுபிடிக்க வழியே இல்லை. அப்படி இருந்தால் தந்திரம் எதுவும் செய்யாமல், கட்டடத்தில் உள்ள எல்லாப் பிரிண்டர்களையும் தெளிவான பெயரோடு கொடுத்துவிடுங்கள். ஐந்தாறு பெயர்களில் ஒன்றைத் தேர்ந்தெடுப்பது யாருக்கும் கடினம் இல்லை, நெற்றியில் சீட்டு இருந்தால்.

பயிற்சி அறை, பொதுக் கணினி போன்ற இடங்களில் யார் உட்கார்ந்தாலும் அந்த அறையின் பிரிண்டர்தான் வர வேண்டும். அதற்கு லூப்பேக் என்ற அமைப்பு உண்டு. கணினி இருக்கும் பிரிவின் பாலிசியைக் கொண்டு பயனருக்கான அமைப்புகளைத் தீர்மானிக்கும்.

பிரிண்டர் சேரும்போது நிர்வாகி கடவுச்சொல் கேட்கிறது. முன்பெல்லாம் கேட்காதே?

2021க்கு முன்பு கேட்காது. அந்த ஆண்டு ஜூன் கடைசியில் விண்டோஸின் பிரிண்ட் ஸ்பூலரில் (அச்சு வேலைகளை வரிசையில் வைத்து அனுப்பும் சேவை) இருந்த ஓட்டையைப் பயன்படுத்தும் நிரல் வெளியே கசிந்தது. "பிரிண்ட்நைட்மேர்" என்று பெயர் வைத்தார்கள். சாதாரண பயனர் ஒருவர் பிரிண்டர் டிரைவர் என்ற போர்வையில் எதை வேண்டுமானாலும் உள்ளே அனுப்பி, கணினியின் முழு அதிகாரத்தோடு ஓட்ட முடிந்தது. ஸ்பூலர் ஏறக்குறைய எல்லா விண்டோஸ் கணினிகளிலும், அலுவலகக் கணக்குகளைச் சரிபார்க்கும் சர்வர்களான டொமைன் கன்ட்ரோலர்களிலும்கூட, ஓடிக்கொண்டிருக்கும் சேவை. ஜூலையில் அவசரத் திருத்தம் வந்தது. ஆகஸ்ட் 10ஆம் தேதி வந்த திருத்தம்தான் நம் வேலையை மாற்றியது: டிரைவரை நிறுவவும் புதுப்பிக்கவும் நிர்வாகி உரிமை வேண்டும் என்பது அன்றிலிருந்து இயல்பு நிலை.

இதைத் திருப்பிப் போடும் ரெஜிஸ்ட்ரி மதிப்பு ஒன்று உண்டு. அதைப் பூஜ்யமாக்கினால் கடவுச்சொல் கேட்பது நின்றுவிடும், ஓட்டையும் திறந்துவிடும். பூட்டு இறுகிவிட்டது என்பதற்காகக் கதவைக் கழற்றி வைக்கிற வேலை அது. செய்யாதீர்கள்.

சரியான வழி, டிரைவரைப் பயனர் வரும் முன்பே கணினியில் இறக்கி வைப்பது. பயனரின் இணைப்பு வரும்போது டிரைவர் ஏற்கனவே அங்கே இருந்தால், அதுவும் சர்வரில் உள்ள அதே பதிப்பாக இருந்தால், எதுவும் கேட்காமல் சேர்ந்துவிடும். இறக்குவதற்குக் கணினி தொடங்கும்போது ஓடும் ஸ்கிரிப்ட், மென்பொருள் விநியோகக் கருவி, புதுக் கணினிகளுக்கான மூலப் படிமம் என எதுவானாலும் சரி. விண்டோஸின் சொந்தக் கணக்கான சிஸ்டம் கணக்கின் உரிமையில் ஓட வேண்டும் என்பதே நிபந்தனை. விண்டோஸுடனே வரும் பிஎன்பியூட்டில் என்ற கருவியிடம் டிரைவரோடு வரும் ஐஎன்எஃப் என்ற விவரக் கோப்பைக் காட்டினால், அதை விண்டோஸின் டிரைவர் கிடங்கில் சேர்த்துவிடும்.

பதிப்பு என்பதை அழுத்திச் சொல்கிறேன். சர்வரில் டிரைவரைப் புதுப்பித்துவிட்டுக் கணினிகளை மறந்தால், மறுநாள் காலை எல்லார் திரையிலும் ஒரே நேரத்தில் கடவுச்சொல் சாளரம் நிற்கும். முதலில் கணினிகள், பிறகு சர்வர். அந்த வரிசையை மாற்றாதீர்கள்.

எந்த டிரைவரைத் தேர்ந்தெடுப்பது?

எண்ணிக்கையில் குறைவாக இருப்பதை. ஒரே நிறுவனத்தின் ஏழு மாடல்கள் இருந்தால் ஏழு டிரைவர்கள் வேண்டாம். எச்பி, ஜெராக்ஸ், லெக்ஸ்மார்க் போன்றவை தங்கள் மாடல்கள் பலவற்றுக்கும் பொருந்தும் பொது டிரைவரைத் தருகின்றன. ஸ்டேப்ளர், துளையிடுதல் போன்ற கூடுதல் வசதிகள் அதில் சில நேரம் தெரியாமல் போகும். அவை தேவைப்படும் ஒரு பிரிண்டருக்கு மட்டும் தனி டிரைவர் வைத்துக்கொள்ளலாம்.

இன்னும் தொலைநோக்காக யோசித்தால், டிரைவரே இல்லாத நிலையை நோக்கித்தான் காற்று வீசுகிறது. அண்மைக்காலப் பிரிண்டர்கள் ஐபிபி என்ற நெறிமுறையில், 631ஆம் போர்ட்டில், "எனக்கு இருபக்க அச்சு வரும், ஏ3 வராது" என்று தங்கள் திறனைத் தாங்களே சொல்லிவிடுகின்றன. விண்டோஸில் அதற்கான பொது டிரைவர் உள்ளேயே இருக்கிறது. வெளி நிறுவனங்களின் பிரிண்டர் டிரைவர்களை விண்டோஸ் அப்டேட் வழியாக வழங்குவதைப் படிப்படியாகக் குறைக்கப்போவதாக மைக்ரோசாஃப்ட் 2023 செப்டம்பரில் அறிவித்தது. விண்டோஸ் 11இன் 24எச்2 பதிப்பில் வந்த பாதுகாக்கப்பட்ட அச்சு முறையை இயக்கினால், வெளி டிரைவர்கள் எதுவும் வேலை செய்யாது. மோப்ரியா என்ற அச்சுத் தரக் கூட்டமைப்பின் சான்று பெற்ற பிரிண்டர்கள் மட்டும் ஓடும். அடுத்த பிரிண்டர் வாங்கும்போது அந்தச் சான்று இருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள்.

ஸ்கிரிப்ட் எழுதியே செய்ய விரும்புகிறேன். எப்படி?

விண்டோஸின் கட்டளை மொழியான பவர்ஷெல்லில் எழுதுங்கள். பழைய விபிஸ்கிரிப்ட் லாகின் ஸ்கிரிப்ட்கள் இன்னும் பல இடங்களில் ஓடுகின்றன. ஆனால் விபிஸ்கிரிப்டைக் கைவிடப்போவதாக 2023இலேயே அறிவித்தாகிவிட்டது. புதிதாக அதில் ஒரு வரிகூட எழுதாதீர்கள்.

நேரடி ஐபி பிரிண்டருக்கு நான்கு படிகள், இதே வரிசையில். பிஎன்பியூட்டில் கொண்டு டிரைவர் கோப்புகளைக் கிடங்கில் சேர்ப்பது. ஆட்-பிரிண்டர்டிரைவர் கட்டளையால் அதைப் பதிவு செய்வது. ஆட்-பிரிண்டர்போர்ட் கட்டளையால் போர்ட்டை உருவாக்குவது. கடைசியாக ஆட்-பிரிண்டர் கட்டளையில் மூன்றையும் கோப்பது. சர்வரில் பகிர்ந்த பிரிண்டர் என்றால் ஆட்-பிரிண்டர் கட்டளைக்கு இணைப்பின் பெயரை மட்டும் கொடுத்தால் போதும். ஆனால் அது பயனரின் கணக்கில் ஓட வேண்டும். சிஸ்டம் கணக்கில் ஓட்டிவிட்டுப் பயனரின் திரையில் தேடினால் கிடைக்காது.

பெரும்பாலானவர்கள் இடறி விழுவது இரண்டாம் படியில். அங்கே கொடுக்க வேண்டிய டிரைவர் பெயர், உங்களுக்குப் பிடித்த பெயரோ, பெட்டியில் இருக்கும் மாடல் பெயரோ இல்லை. ஐஎன்எஃப் கோப்புக்குள் எழுதியிருக்கும் பெயர், எழுத்துக்கு எழுத்து. நோட்பேடில் அந்தக் கோப்பைத் திறந்து, கீழே இறங்கி, மேற்கோள் குறிக்குள் இருக்கும் பெயரை அப்படியே நகல் எடுங்கள். ஒருமுறை ஒரு டிரைவரின் பெயரில், இரண்டு சொற்களுக்கு நடுவே ஒன்றுக்குப் பதில் இரண்டு இடைவெளி இருந்தது. கண்ணால் பார்த்துத் தட்டச்சு செய்து, டிரைவர் இல்லை என்ற பதிலை ஒரு மதியம் முழுக்க வாங்கிக்கொண்டிருந்தேன்.

ஸ்கிரிப்ட் பத்து முறை ஓடினாலும் விளைவு ஒன்றாகவே இருக்க வேண்டும். ஒவ்வொரு படிக்கும் முன் "ஏற்கனவே இருக்கிறதா?" என்று கேட்டு, இல்லாவிட்டால் மட்டும் சேருங்கள். நடந்ததை ஒரு கோப்பில் எழுதச் சொல்லுங்கள். பிரிண்டர்களின் பெயர், முகவரி, டிரைவர் மூன்றையும் ஸ்கிரிப்டுக்குள் புதைக்காமல் தனியாக ஒரு சிஎஸ்வி கோப்பில் வைத்தால், உங்களுக்குப் பின் வருபவர் ஸ்கிரிப்டைத் தொடாமலே புதுப் பிரிண்டரைச் சேர்த்துவிடுவார்.

எங்களிடம் டொமைனே இல்லை. எல்லாம் கிளவுட்தான்.

கணினிகள் மைக்ரோசாஃப்டின் கிளவுட் நிர்வாகச் சேவையான இன்டியூனில் இருந்தால், மேலே சொன்ன ஸ்கிரிப்டையும் டிரைவரையும் ஒரே பொட்டலமாகக் கட்டி அனுப்பலாம். அது சிஸ்டம் கணக்கில் ஓடும். மைக்ரோசாஃப்டின் கிளவுட் அச்சுச் சேவையான யுனிவர்சல் பிரிண்ட் 2021இல் பொதுப் பயன்பாட்டுக்கு வந்தது. அதில் பிரிண்டர் நேராகக் கிளவுடில் பதிவாகும். பழைய பிரிண்டர் என்றால் நடுவில் ஒரு விண்டோஸ் கணினி கனெக்டராக ஓட வேண்டும். பிரிண்ட் சர்வரை ஒழித்துவிட்டோம் என்று மகிழும்போது அந்தக் கனெக்டர் கணினி மூலையில் இருந்து சிரிக்கும். இணையம் போனால் என்ன ஆகும் என்பதையும் யோசித்துக்கொள்ளுங்கள். பக்கத்து மேசையில் இருக்கும் பிரிண்டருக்கு ஆவணம் ஊர் சுற்றித்தான் வருகிறது. கூகுளின் கிளவுட் பிரிண்ட் 2020 டிசம்பர் 31ஆம் தேதியோடு மூடப்பட்டதும் நினைவிருக்கட்டும்.

மேக், லினக்ஸ் கணினிகள்?

இரண்டுக்கும் அடியில் ஓடுவது கப்ஸ் என்ற ஒரே அச்சு அமைப்பு. மைக்கேல் ஸ்வீட் 1997இல் தொடங்கி 1999இல் வெளியிட்டது. ஆப்பிள் 2002இல் தன் இயங்குதளத்தில் சேர்த்துக்கொண்டு, 2007இல் அதன் மூல நிரலையே வாங்கியது. எனவே எல்பிஅட்மின் என்ற ஒரே கட்டளை இரண்டிலும் செல்லும். வரிசையின் பெயர், ஐபிபி முகவரி, மாடல் என்ற இடத்தில் "எவ்ரிவேர்" ஆகிய மூன்றையும் கொடுத்தால் டிரைவர் இல்லாமலே பிரிண்டர் தயார். விண்டோஸில் இவ்வளவு பக்கம் எழுதியதை இங்கே ஒரு வரியில் முடிக்க முடிகிறது என்பதில் எனக்குக் கொஞ்சம் பொறாமை உண்டு. மேக் கணினிகளை நிர்வாகக் கருவி வழியாகப் பார்த்துக்கொள்பவர்கள் ஏர்பிரிண்ட் சுயவிவரமாகவே அனுப்பிவிடலாம்.

இயல்புப் பிரிண்டர் தானாக மாறிக்கொண்டே இருக்கிறது.

பேய் இல்லை, விண்டோஸ் 10. 2015 நவம்பர் பதிப்பிலிருந்து, கடைசியாகப் பயன்படுத்திய பிரிண்டரையே இயல்பாக வைத்துக்கொள்ளும் வழக்கம் வந்தது. வண்ணத்தில் ஒரு படம் எடுத்தவருக்கு அதன் பிறகு எல்லாக் கடிதமும் வண்ணப் பிரிண்டருக்குப் போகும். பயனர் பிரிவில், கன்ட்ரோல் பேனல், பிரிண்டர்ஸ் என்ற இடத்தில் இதை அணைக்கும் பாலிசி இருக்கிறது. முதலில் அதை இயக்கிவிட்டுத்தான் பிரிஃபரன்சஸில் "இயல்பாக வை" என்ற கட்டத்தைத் தட்ட வேண்டும். இல்லாவிட்டால் நீங்கள் வைப்பதும் அது மாற்றுவதுமாக நாள் போகும்.

எல்லாருக்கும் இருபக்க அச்சு, கருப்பு வெள்ளை என்று வைத்தேன். யாருக்கும் போகவில்லையே?

தவறான பொத்தானை அழுத்தியிருக்கிறீர்கள். சர்வரில் பிரிண்டரின் பண்புகளைத் திறந்தால், முதல் தாவலில் "பிரிஃபரன்சஸ்" என்று ஒரு பொத்தான் கண்ணில் படும். அது சர்வரில் உட்கார்ந்திருக்கும் உங்கள் கணக்குக்கு மட்டும். எல்லாருக்குமான அமைப்பு "அட்வான்ஸ்டு" தாவலில், "பிரிண்டிங் டிஃபால்ட்ஸ்" என்ற பொத்தானுக்குள் இருக்கிறது. இரண்டையும் அழுத்தினால் திறக்கும் சாளரம் அச்சு அசலாக ஒன்றே. அதனால்தான் இந்தத் தவறு தலைமுறை தலைமுறையாக நடக்கிறது. ஏற்கனவே தன் விருப்பத்தை மாற்றி வைத்திருக்கும் பயனருக்குப் புது இயல்பு போய்ச் சேராது. அவருடைய இணைப்பை ஒருமுறை நீக்கிவிட்டுச் சேர்க்க வேண்டியிருக்கும்.

பிரிண்டர் ஓடிக்கொண்டிருக்கிறது, கணினி "ஆஃப்லைன்" என்கிறது.

டிசிபி/ஐபி போர்ட்டின் அமைப்பில் எஸ்என்எம்பி நிலை என்று ஒரு குறி இருக்கும். விண்டோஸ் அதன் வழியே பிரிண்டரிடம் நலம் விசாரிக்கும்; பதில் வராவிட்டால் ஆள் இல்லை என்று முடிவுகட்டிவிடும். பிரிண்டரில் எஸ்என்எம்பி அணைந்திருந்தாலோ, நடுவில் ஃபயர்வால் தடுத்தாலோ இதே கதைதான். குறியை எடுத்துவிட்டால் சரியாகிவிடும். போர்ட்டின் பெயர் டபிள்யூஎஸ்டி என்று தொடங்குகிறதா என்றும் பாருங்கள். தானாகக் கண்டுபிடித்துச் சேரும் அந்தப் போர்ட் வீட்டுக்குச் சரி. அலுவலகத்தில் அதை நீக்கிவிட்டு டிசிபி/ஐபி போர்ட்டையே வையுங்கள்.

பழைய பிரிண்டர்களை எடுப்பது எப்படி?

சேர்த்த அதே வழியில். பிரிஃபரன்சஸில் அந்தப் பதிவை அழித்துவிட்டால் பிரிண்டர் போய்விடும் என்று பலர் நினைக்கிறார்கள்; பதிவு போகும், கணினியில் பிரிண்டர் அப்படியே இருக்கும். செயலை "டெலிட்" என்று மாற்றி, சில வாரம் ஓடவிட்டு, நீண்ட விடுப்பில் போனவர்களும் வந்து லாகின் செய்த பிறகு பதிவை அழியுங்கள்.

கார்டைக் காட்டி எடுத்துக்கொள்ளும் முறை வைத்தால் இதெல்லாம் தேவையில்லையாமே?

ஓரளவு உண்மை. எல்லாருக்கும் ஒரே ஒரு வரிசை. ஆவணம் சர்வரில் காத்திருக்கும். எந்தப் பிரிண்டரில் கார்டைக் காட்டினாலும் அங்கே வரும். யாருக்கு எந்தப் பிரிண்டர் என்ற கேள்வியே எழாது. சம்பளப் பட்டியல் வரவேற்பறையில் விழவும் வழியில்லை. ஆனால் அந்த ஒரு வரிசைக்கும் டிரைவர் வேண்டும், அதையும் கணினிகளில் இறக்கத்தான் வேண்டும்.

வரிசையில் ஓர் ஆவணம் சிக்கிக்கொண்டு நீங்க மறுக்கிறது.

பிரிண்ட் ஸ்பூலர் சேவையை நிறுத்துங்கள். விண்டோஸ் கோப்புறையில் சிஸ்டம்32, அதற்குள் ஸ்பூல், அதற்குள் பிரிண்டர்ஸ் கோப்புறையில் இருக்கும் கோப்புகளை அழித்துவிட்டுச் சேவையைத் தொடங்குங்கள். பிரிண்ட் சர்வரில் இதைச் செய்தால் காத்திருக்கும் எல்லாருடைய ஆவணங்களும் போய்விடும். முதலில் சொல்லிவிட்டுச் செய்யுங்கள்.

எல்லாருக்கும் அனுப்பும் முன் எப்படிச் சோதிப்பது?

உங்கள் கணக்கில் சோதிக்காதீர்கள். நிர்வாகி உரிமை உள்ள கணக்கில் எல்லாமே வேலை செய்யும். புதிதாக நிறுவிய கணினி, எந்த உரிமையும் இல்லாத புதுக் கணக்கு, இரண்டும் வேண்டும். சோதனைப் பக்கம் வந்தால் போதாது. அதில் இருப்பது ஆங்கிலம். தமிழோ அரபியோ உள்ள ஒரு பக்கத்தை எடுத்துப் பாருங்கள். எழுத்துகள் கட்டங்களாக வந்தால், டிரைவரில் எழுத்துருக்களைப் படமாக அனுப்பும் அமைப்பு இருக்கிறதா என்று தேடி இயக்குங்கள். எந்தப் பாலிசி வந்தது, எது வரவில்லை என்பதை ஜிபிரிசல்ட் கட்டளை ஒரு பக்கமாக எழுதிக் கொடுக்கும். பிறகு ஒரு பிரிவில் ஐந்து பேருக்கு அனுப்பி, ஒரு வாரம் காத்திருங்கள்.

பயனர்களுக்கு என்ன சொல்லி அனுப்புவது?

நான் அனுப்புவது இவ்வளவுதான்:

"திங்கள் காலை முதல் உங்கள் கணினியில் மாடி2-மேற்கு-கருப்பு என்ற பிரிண்டர் தானாகத் தெரியும். பிரிண்டரின் மேல் இதே பெயர் ஒட்டியிருக்கிறது. பழைய பெயர் மறைந்துவிடும். நீங்கள் எதையும் நிறுவ வேண்டாம். கடவுச்சொல் கேட்டு ஏதாவது சாளரம் வந்தால் அதில் எதையும் தட்டாமல், மூடாமல், எங்களை அழையுங்கள்."

மூடாமல் என்று சொல்வதற்குக் காரணம் உண்டு. அந்தச் சாளரத்தில்தான் எந்த டிரைவர் என்ற பெயர் தெரியும். மூடிவிட்டால் "ஏதோ வந்தது, போய்விட்டது" என்பதுதான் மிஞ்சும்.